குறுங்கால் ஆநிரையின் கால்வழி

வடக்கிலும் மேற்கிலும் மலைத்தோள்கள் ஒன்றன்மேல் ஒன்றாய்ச் சாய்ந்து நிற்க, அவற்றிலிருந்து வழிந்திறங்கிய பனி பள்ளத்தின் அடியில் ஓடும் ஆற்றை முற்றும் மூடிவிட, ஆறு அங்கே உண்டென்பதை அதன் ஒலியொன்றே உணர்த்திக்கொண்டிருந்த கூதிர்காலத்து விடியற்பொழுது அது. சரிவைப் பற்றிப் படிப்படியாய் ஏறிச்செல்லும் கற்சுவர் வீடுகள், உறக்கம் கலையாத பறவைகள் ஒரே கிளையில் நெருங்கி அமர்ந்தாற்போல ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்திருந்தன. இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நின்றே மற்றவர்க்கு வழிவிடவேண்டிய குறுந்தெருக்களில், அடுமனையின் புகை பனியோடு கலந்து, எது புகை எது பனியெனப் பிரித்தறிய ஒண்ணாதபடி தவழ்ந்தது. பால் கலத்தில் விழும் ஒலியன்றி வேறொலி எழாத அவ்வேளையில், அன்று மட்டும் வீட்டுக்கு வீடு விளக்கெரிந்தது. குளம்பைத் தேய்த்துக் கழுவுவோரும், கொம்புக்கு எண்ணெய் இடுவோரும், கழுத்துக் கயிற்றை மாற்றிக் கட்டுவோருமாய் ஊர் முழுவதும் தாழ்குரலில் பரபரத்தது. அன்று காளை தேரும் நாள்.

அவ்வூர் ஆன்களைக் கண்டிராத பெருந்தகையீர், அவற்றை ஒரு நொடி உளக்கண்ணால் காண்பீராக. மழையில் நனைந்த கற்பலகையின் கருமையும், அகன்ற நெற்றியும், மேல்நோக்கி வளைந்து நுனி கறுத்த கொம்புகளும், பீப்பாய்போல் திரண்ட வயிறும் பெற்று, இத்துணையும் தாங்க இவை எவ்வாறு போதுமென்று கண்டோர் வியக்குமளவு குறுகிய நான்கு கால்களின்மேல் அவை நின்றன. வளர்ந்த ஆவின் முதுகு ஓர் ஆடவனின் இடுப்புக்கு மேல் உயராது. வீட்டின் மேல்தளத்தில் மாந்தரும் கீழ்த்தளத்தில் மாடுகளுமாய் வாழும் அச்சரிவில், தொழுவத்துக் கதவுகள் மார்பளவே உயரமுடையன. அக் கதவுக்குள் குனியாமல் நுழையும் பேறு பெற்றவை அவ்வான்கள் மட்டுமே. பிற இனத்து மாடு தின்னும் தீனியில் பாதியைத் தின்று, அது தரும் பாலினும் சிறிதே குறைத்துத் தந்து, ஆனால் கலத்தின் விளிம்பில் விரலை வைத்தால் ஒட்டிக்கொள்ளும்படியான கொழுமையோடு தந்து, பதினைந்து ஆண்டானாலும் ஈற்று ஓயாமல், குழந்தை இழுத்தாலும் உதைக்காமல், அவை அம் மக்களின் வாழ்வோடு பின்னிப் பிணைந்திருந்தன.

முன்னொரு காலத்தில் நெடிய மாடுகளைக் கொண்டே அம்மக்கள் சரிவுக்கு வந்தனராம். வழுக்கும் பாறைகளில் நெட்டைக் கால்கள் முறிந்தன. பனியில் அவை பட்டினியால் மாண்டன. எஞ்சிய சிலவற்றுள் குட்டையானவையே நிலைத்தன என்பது அவர்கள் சொல்லும் வரலாறு. அதனாற் குறுமையே அவ்வினத்தின் உயிரென்று கருதி, ஆன்வளர்ப்போர் அவையொன்று அமைத்து, வைரம் பாய்ந்த மரத்தில் சாண் கணக்கிட்டு வரையிட்ட ஓர் அளவுகோலையும் செய்து, ஆண்டுதோறும் மிகக் குறுகிய காளையையே தேர்ந்து ஊர் ஆன்கட்கெல்லாம் சேர்த்து வந்தனர். எவ்வளவு தேர்ந்தும், நாற்கன்றுக்கு ஒன்றாய் நெடுங்கால் கன்று பிறந்துகொண்டே இருந்தது. எப்போதோ வேலி தாண்டி வந்த அயற்காளையின் கறை அதுவென்று நாணி, அத்தகைய கன்றுகளைப் பள்ளத்து ஊர்களுக்கு விற்றுவிடுவர்.

அவையின் தலைவருடைய வீட்டுக்கு மருமகளாய் வந்து ஒன்பது ஆண்டு ஆனவள், அன்று பொழுது புலருமுன்னே தொழுவத்தில் மண்டியிட்டிருந்தாள். அவள்முன் படுத்திருந்தது குறளி. குறும்பினாலும் குறுமையினாலும் அப்பெயர் பெற்ற அவ்வான், ஐந்தாண்டுக்குமுன் அவள் கையிலேயே ஈன்றெடுக்கப்பட்டது. அவள் காலடியோசை கேட்டாலே வைக்கோலிலிருந்து தலை தூக்குவது. அன்றோ தலை தூக்கவில்லை. சினை ஏழாந் திங்கள்தான். ஈனும் நாளுக்கு இன்னும் இரு திங்கள் உண்டு. ஆயினும் வயிறு இருமருங்கும் புடைத்து, தோல் பறையின் முகம்போல் இறுகி, மூச்சு விடுந்தோறும் ஒரு முனகல் எழுந்தது. மருமகள் தன் உள்ளங்கையை அதன் விலாவில் வைத்தாள். உள்ளே நீர் தளும்பியது. கன்றின் அசைவு மட்டும் தென்படவில்லை.

அவளுக்கு அது புதிதன்று. முன்னரும் மும்முறை அத்தொழுவத்தில் அவ்வாறே நேர்ந்திருந்தது. மும்முறையும் பிறந்தது உயிரற்ற ஒன்று. கன்றென்று சொல்ல நாக்கூசும் ஒன்று. பானைபோல் வீங்கிய தலையும், நசுங்கிய மூக்கும், நீண்டு வெளித்தொங்கும் நாவும், கால் இருக்கவேண்டிய இடங்களில் நான்கு குறுங்கட்டைகளும் கொண்டு கிடந்த அவற்றை, மாமனார் சாக்கில் சுருட்டி, பழத்தோட்டத்து மதிலடியில் தம் கையாலேயே புதைத்தார். எவரிடமும் சொல்லவேண்டாவென்று ஒரு சொல்லில் முடித்தார். ஆயினும் வீடு என்பது வாய் மூடியிருக்கும் பொருளன்று. கன்று வீணானதென்பது மட்டும் எவ்வாறோ வெளியேறி, ஏன் வீணானதென்பது வெளியேறாமையால், 'அவ கை ராசி இல்லாத கை' என்னும் சொல் தெருவில் வேர்விட்டது. தையற்காரி வீட்டு ஆ ஈனும்போது உதவ அவள் சென்றால், 'நீ எதுக்கும்மா, நாங்க பாத்துக்கறோம்' என்று கதவருகிலேயே இன்முகத்தோடு நிறுத்திவிடுவர். அச்சொல்லை மறுக்க அவளிடம் சான்று ஏதுமில்லை. ஆண்டுகள் செல்லச்செல்ல, மறுக்கவேண்டுமென்னும் எண்ணமும் அவளிடம் தேய்ந்தது. பால் கறக்கையில் சிலபோது தன் கைகளையே வேறொருத்தியின் கைகளைப்போல உற்று நோக்குவாள்.

கதவு திறந்து மாமனார் உள்ளே வந்தார். புதிய மேலாடை அணிந்து, அளவுகோலைத் துணியுறையோடு கக்கத்தில் இடுக்கியிருந்தார்.

"மாமா, குறளிக்கு நேத்திலேருந்தே சரியில்ல. வயித்தப் பாருங்க. அதே மாதிரிதான் இருக்கு."

அவர் பார்த்தார். பார்த்ததும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"சத்தம் போடாத."

"டாக்டரம்மா எப்படியும் இன்னைக்கு வர்றாங்க. காளைய எல்லாம் சோதிக்கத்தானே கூப்பிட்டிருக்கீங்க? அப்படியே ஒரு நிமிஷம் இங்க வந்து பாக்கச் சொன்னா..."

"இன்னைக்கா? ஊரே நம்ம முற்றத்துல வந்து நிக்கப் போகுது. அத்தனை பேர் கண்ணு முன்னாடி அதை வெளிய எடுக்கச் சொல்றியா?"

"தாங்காது மாமா. போன தடவையே தாய்மாடு பொழச்சது பெரும்பாடு."

"சாயங்காலம் கூட்டம் கலைஞ்சதும் பாத்துக்கலாம். அதுவரைக்கும் கதவ சாத்தி வை. உள்ள யாரையும் விடாத." சொல்லிவிட்டு நின்றவர், குரலைத் தாழ்த்தினார். "நாப்பது வருஷம்மா. இந்த ஒரு நாளைக்கு என் மானத்தக் காப்பாத்து."

அவ்வாறு கெஞ்சும் குரலில் அவர் பேசியதை அவள் அதற்குமுன் கேட்டதில்லை. கடுஞ்சொல்லாய் இருந்திருப்பின் எதிர்த்திருப்பாள். கெஞ்சலுக்கு என் செய்வதென்றறியாமல் தலையசைத்தாள். தலையசைத்த அந்நொடியே தன்மீது தனக்கு ஒரு கசப்பு ஊறியதை உணர்ந்தாள்.

ஞாயிறு கீழ்வானை விட்டு ஒரு முழம் எழுமுன் முற்றம் நிறைந்தது. காளைகள் ஒவ்வொன்றாய்க் குறுகிய வாயிலால் நுழைந்து மதிலோரம் வரிசையாய்க் கட்டப்பட்டன. கொல்லர் தம் காளையைச் சுற்றிச்சுற்றி வந்து இல்லாத தூசியைத் துடைத்தார். தையற்காரி பெண்டிர் கூட்டத்தின் நடுவே நின்று, எந்தக் காளை எத்தனை சாண் என்று அளக்குமுன்னே கண்ணால் அளந்து கூறிக்கொண்டிருந்தாள். தலைவர் வீட்டுக் காளையான உருளையை, மருமகளின் கணவன் மூக்கணாங்கயிறு பற்றி நடுவே நிறுத்தினான். அது நின்றபோது அதன் அடிவயிறு புல் நுனியைத் தொட்டது கண்டு கூட்டம் பெருமூச்செறிந்தது. இறுதியாய் அடுமனைக்காரர் தம் மாவு படிந்த மேலங்கியோடு ஒரு நெட்டைக் காளையை இழுத்துவந்தார். கொண்டுவந்து காட்டவேண்டுமென்பது அவையின் நெறியாதலால், வெல்லாதென்றறிந்தும் ஆண்டுதோறும் கொண்டுவருபவர் அவர்.

"அண்ணே, இது காளையா ஏணியா?" என்றார் கொல்லர்.

"ஏணிதான். உங்க கூரை ஒழுகுதுன்னு சொன்னீங்களே, ஏறிப் பாக்கறீங்களா?" என்றார் அடுமனைக்காரர், முகம் மாறாமல்.

சிரிப்பு அலையலையாய்ப் பரவியது. அச்சிரிப்பு தொழுவத்தின் மரக்கதவைக் கடந்து மருமகளின் செவியில் விழுந்தவேளை, குறளியின் கண்கள் மேல்நோக்கிச் செருகின.

கதவிடுக்கால் அவள் கணவனைக் கையசைத்து அழைத்தாள். அவன் காளையை ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு வந்து, உள்ளே எட்டிப் பார்த்து, நிறம் மாறினான். தீயவனல்லன், தந்தையின் முன் மட்டும், காற்றெதிர் விளக்கைப்போல நடுங்குபவன்.

"ஏங்க, டாக்டரம்மா அந்தப் பக்கந்தானே நிக்கறாங்க? கூப்பிடுங்க."

"அப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"கேட்டாச்சு. வேண்டாங்கறாரு."

"அப்புறம் எப்படி நான்?"

அவள் குறளியினிடம் திரும்பினாள். குறளியின் வாயோரம் நுரை கட்டியிருந்தது. விலா எழுந்தடங்குவது விரைந்து, குறுகி, மேலெழும் மூச்சாய் மாறியிருந்தது. முற்றத்தில் மாமனாரின் குரல், முதற்காளையின் உயரத்தை ஓங்கி அறிவித்தது. அடுத்து இரண்டாவது. எத்தனை காளைகள் உள்ளனவென்று அவள் எண்ணிப் பார்த்தாள்: பதினாறு. ஒவ்வொன்றாய் அளந்து, பல் பார்த்து, வழக்காடி முடிப்பதற்குள் நண்பகல் கடந்துவிடும். அந்தப் பதினாறு காளையும் முடியும்வரை குறளி தாங்காது என்பதை அவள் கை அறிந்தது. ஊர் இகழ்ந்த அதே கை.

அவள் எழுந்து கதவைத் தள்ளினாள். வைக்கோல் ஒட்டிய சேலையோடும் முழங்கைவரை நனைந்த கைகளோடும் அவள் முற்றத்தின் நடுவே நடந்து வந்தபோது, அளவுகோல் நான்காவது காளையின் திமிலருகே நின்றது. மாமனாரின் பார்வை அவள்மீது விழுந்தது. அப்பார்வையில் சினமில்லை, மேட்டிலிருந்து உருண்டுவரும் கல்லைக் காண்பவனின் திகைப்பே இருந்தது. அவள் அவரைக் கடந்து, காளையொன்றின் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்த கால்நடை மருத்துவரின் முன் நின்றாள்.

"டாக்டரம்மா, உள்ள ஒரு மாடு சாகுது. கொஞ்சம் வாங்க."

சொற்கள் உரத்தே வெளிப்பட்டன. 

மருத்துவர் அவ்வட்டத்துக்கு வந்து ஓராண்டும் ஆகாத இளம்பெண்மணி. காய்ச்சலுக்கும் குளம்புப் புண்ணுக்கும் அவரை அழைத்த ஊரார், ஓர் ஈற்றுக்கும் அழைத்ததில்லை. அதன் பொருள் யாதென அவர் எண்ணிப் பார்த்ததும் இல்லை. தொழுவத்துக்குள் குனிந்து நுழைந்து, குறளியின் வயிற்றில் கைவைத்த அளவில் அவர் முகம் இறுகியது.

"எப்போலேருந்து இப்படி?"

"நேத்து சாயங்காலம் லேசா இருந்துச்சு. விடியும்போது இப்படி ஆயிடுச்சு."

"காலையில நான் வந்ததுமே ஏன் யாரும் சொல்லல?"

 மருத்துவர் விடைக்குக் காத்திருக்கவில்லை. வெந்நீரும் கயிறும் கேட்டார். இதுவரை வாயிலில் மரமாய் நின்ற கணவன், எவருடைய ஒப்புதலையும் நோக்காமல் மேல்தளத்துக்கு ஓடினான். அன்று அவன் தானாய்ச் செய்த முதற்செயல் அது. மருமகள் குறளியின் தலையை மடியிலேந்தி, அதன் செவியில் வாய் வைத்து, சொல்லென்றும் பாட்டென்றும் பிரிக்கவொண்ணாத ஏதோவொன்றை முணுமுணுத்தாள். மருத்துவர் பனிக்குடத்தை உடைத்தபோது, மடைதிறந்தாற்போல நீர் பாய்ந்து வைக்கோலை மிதக்கச் செய்து வாயிற்படியைக் கடந்து முற்றத்துக் கற்களிடையே வழிந்தோடியது. ஒரு கருப்பையில் அத்துணை நீர் இருக்கக் கண்டிராதோர் வாய்பொத்தினர். கண்டிருந்தோரோ, நீர் தம் காலைத் தொடுமுன்னே ஓரடி பின்வாங்கினர். அவ்விரு வகையாரையும் அந்நொடியிலேயே பிரித்தறிந்திருக்கலாம்; ஆனால் அப்போது எவரும் எவரையும் நோக்கவில்லை.

நெடும்பொழுது இழுத்தபின் அது வெளிவந்தது. வாயிலில் நெருங்கிய தலைகளுக்கிடையே பகலொளி உள்ளே விழ, வைக்கோலின்மேல் கிடந்த அதனை ஊர் கண்டது. வீங்கிய தலை, நசுங்கிய மூக்கு, வெளித்தொங்கும் நா, காலென்னும் பெயர்க்கு நான்கு கட்டைகள். மாமனார் சாக்கொன்றை எடுத்துக்கொண்டு முன்வந்தார். மருமகள் அவர் கையைப் பற்றவில்லை. ஆனால் அதற்கும் அவருக்கும் நடுவே எழுந்து நின்றாள்.

"வேண்டாம் மாமா. பாக்கட்டும்."

 காளைகள் தரையைக் கிளறும் ஒலி மட்டும் கேட்டது. பின்னர்ப் பெண்டிர் கூட்டத்திலிருந்து ஒரு குரல், தன்னைத்தானே கேளாததுபோல் எழுந்தது. தையற்காரியின் குரல் அது.

"எங்க வீட்டுல... இதே மாதிரிதான். ரெண்டு. ரெண்டையும் நானே ஆத்துல விட்டேன். எம் புருஷனுக்குக்கூடச் சொல்லல."

அவள் கணவன் திடுக்கிட்டு அவளை நோக்கினான். பின்னர் அவனே தலைகவிழ்ந்து, "இன்னொண்ண நான் புதைச்சேன். நீ பயப்படுவேன்னு உங்கிட்டச் சொல்லல. அப்போ மூணு" என்றான்.

அதன்பின் ஓடை பெயர்வதுபோலச் சொற்கள் பெயர்ந்தன. மதிலோரம் நின்ற முதியவர் ஒருவர் இரண்டு என்றார். கல்தச்சன் ஒருவன் விரலை மட்டும் உயர்த்திக் காட்டினான்.  சிலர் தம் காளையின் கயிற்றையே முறுக்கிக்கொண்டிருந்தனர். ஒவ்வொரு வீடும் தன் கூரைக்கு மட்டும் வந்த இழிவென்று எண்ணி, ஒவ்வொரு வீடும் தன் மதிலடியிலேயே மண்ணிட்டு மூடியிருந்தது. சுவரோடு சுவர் ஒட்டிய அவ்வூரில், அண்டை வீட்டான் இருமுவது கேட்கும். அண்டை வீட்டான் புதைப்பது மட்டும் கேட்கவில்லை.

மருத்துவர் கையைக் கழுவிக்கொண்டே கேட்டார். "இதோட தகப்பன் எது?"

"எங்க உருளைதான்" என்றாள் மருமகள்.

"குட்டை. தாயும் குட்டை. மத்த வீட்டுல செத்ததெல்லாம்?"

ஒருவரையொருவர் நோக்கினர். அவையின் காளை எப்போதும் குட்டைதான். அதற்கு மாறாய் ஏது? அப்போது அடுமனைக்காரர் தொண்டையைச் செருமினார்.

"என் வீட்டுல ஒண்ணுகூட இப்படி விழல. பதினோரு வருஷம். நான்தான் அவைக் காளைக்கு விடறதில்லையே, என் நெட்டையனையும் அதுக்கு முன்ன அவன் அப்பனையும் வச்சே ஓட்டிக்கறேன். பாதி நெட்டையாப் பொறக்கும், நீங்க சிரிப்பீங்க. ஆனா செத்துப் பொறந்ததில்ல."

மருத்துவர் தலையசைத்தார். "வேற ஊர்ல ஒரு குட்டை இனத்துல இதைப் படிச்சிருக்கேன். இப்பத்தான் கண்ணால பாக்கறேன். குட்டைக் காலுங்கறது ஒரு பங்கு. தாய்கிட்டேயிருந்தோ தகப்பன்கிட்டேயிருந்தோ ஒரு பங்கு மட்டும் வந்தா, நீங்க ஆசைப்படற அழகான குட்டைக் கன்னு. ரெண்டு பக்கமும் வந்து சேந்துட்டா, இது. நாலுல ஒண்ணு இப்படி ஆகும்."

"அப்போ நெட்டைக் கன்னு? அது கலப்புதானே?" என்றாள் தையற்காரி.

"கலப்பே இல்ல. அந்தப் பங்கு எந்தப் பக்கத்திலேருந்தும் வராத கன்னு. உங்க மாடுதான், உங்க ரத்தந்தான். அதையும் குட்டையையும் சேத்தா இந்தச் சாவு கிடையாது."

கறையென்று கருதி அவர்கள் பள்ளத்துக்கு விற்றுத்தள்ளிய கன்றுகளே அவ்வினத்தின் நலத்தைச் சுமந்து சென்றன என்பதும், பெருமையென்று கருதிக் கோலெடுத்து அளந்து சேர்த்ததே சாவைச் சேர்த்தது என்பதும், அவர்கள் உள்ளத்தில் ஒருங்கே இறங்கவில்லை. சிலர்க்கு இன்றுவரை இறங்கவில்லை. கொல்லர் முன்வந்தார், அவர் கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"இது எல்லாம் பேச்சு. எங்க தாத்தா காலத்திலேருந்து குட்டைதான் நம்ம மாடு. இவங்க வீட்டு மருமக கைக்கு ராசி இல்ல, ஊருக்கே தெரியும். அதுக்காக ஊரையே நெட்டையாக்கணுமா?"

மருமகளின் முகம் வெளுத்தது. ஆயினும் அவள் விழி கீழ்நோக்கவில்லை. "அண்ணே, தையக்கார அக்கா வீட்டு மூணையும் நானா போய் எடுத்தேன்? வாசல்லயே நிறுத்திட்டாங்களே என்னை."

 எல்லோர் கண்ணும் தலைவரை நோக்கித் திரும்பின. அவர் சாக்கைக் கீழே வைத்துவிட்டு, அளவுகோலை எடுத்துக்கொண்டு முற்றத்தின் நடுவே சென்றார். அத்துணை பேரும் அவர் உருளையினிடம் செல்வாரென்றே எண்ணினர். அதன் கயிறு வாங்கி நின்றவனும் அதனை முன்னே நகர்த்தினான். அவரோ அதனைக் கடந்து, வரிசையின் கோடியில் நின்ற நெட்டையனின் அருகிற் சென்று, கோலை நிமிர்த்தி, தோளில் கைவைத்து, கண் இடுக்கி, நாற்பதாண்டு அளந்த அதே நிதானத்தோடு அளந்தார்.

"ஆறு சாண், நாலு விரல்" என்று ஓங்கி அறிவித்தார். குரல் உடையவில்லை. "இந்த வருஷத்துக் காளை இதுதான்."

கொல்லர் தம் காளையை அவிழ்த்துக்கொண்டு வெளியேறினார். அவர்பின் நால்வர் சென்றனர். எஞ்சியோர் நின்றனர், ஆர்ப்பரிப்போர் எவருமில்லை. அடுமனைக்காரர் நகைக்கவுமில்லை, பெருமிதம் கொள்ளவுமில்லை. தம் மேலங்கியின் மாவைத் தட்டிவிட்டுக்கொண்டு, "நாளைக்கு யாருக்கு வேணும்னு சொல்லுங்க, கூட்டிட்டு வர்றேன்" என்று மட்டும் கூறினார்.

ஆனால் கூட்டத்தின் முடிவு குறளிக்குப் பயன்படவில்லை. அத்துணை நீர் ஒருங்கே வெளியேறியதால் அதன் உடல் குளிர்ந்துகொண்டே வந்தது. மருத்துவர் ஊசியிட்டு, கம்பளி போர்த்தி, வெல்லநீர் புகட்டி, தம்மால் இயன்றதெல்லாம் செய்தார். காலையிலேயே பார்த்திருந்தால் என்று அவர் தொடங்கி, மருமகளின் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டார். வெயில் மேற்குச் சரிவில் மஞ்சளாய்ச் சாய்ந்தவேளை, அவ்வான் ஒருமுறை தலைதூக்கி, அவள் முழங்கையை நக்கி, அத்தலையை அவள் மடியில் மெல்ல வைத்தது. பின்னர்த் தூக்கவில்லை.

மாமனார் எதிரே வைக்கோற்கட்டின்மேல் அமர்ந்திருந்தார். புதிய மேலாடையில் சேறு படிந்திருந்தது. 

"குத்தம் உன் கையில இல்லம்மா."

அச்சொல்லுக்காக அவள் ஒன்பதாண்டு காத்திருந்தாள். வந்தால் அழுவோமென்று எண்ணியிருந்தாள். வந்தபோதோ, அழுகைக்கு மாறாய் ஒரு வினாவே நெஞ்சில் முளைத்தது.

"மாமா, நான் வர்றதுக்கு முன்னாடி இந்தத் தொழுவத்துல இப்படி விழுந்திருக்கா?"

அவர் இல்லையென்று சொல்லியிருக்கலாம். சான்று கூற எவருமில்லை. அவர் மனைவியும் இறந்து பன்னீராண்டாயிற்று. 

"நாலு" என்றார். "முதல் ஒண்ணு எங்கப்பா இருக்கும்போது. அப்போ எனக்கு உன் வயசு."

"அப்போ என் கை இல்லேன்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"தெருவுல பேசினது?"

"அதுவும் தெரியும்." அவர் தம் பாதங்களை நோக்கினார். "எதிர்த்துப் பேசினா, அப்போ எதனாலன்னு கேப்பாங்க. எனக்கு அதுக்கு பதில் தெரியல. தெரிஞ்சுக்கவும் பயமா இருந்துச்சு."

அவள் குறளியின் தலையைப் பையத் தரையில் வைத்தாள். எழுந்தாள். ஏச விழைந்தாள், ஆனால் ஏசுதற்குரிய சொற்களெல்லாம் அவர் இழைத்ததினும் சிறியனவாய்த் தோன்றின. அடுத்த கொட்டிலில் மடி நிறைந்த ஆன்கள், கறக்கும் பொழுது கடந்ததென்று கதறின. அவள் கலத்தை எடுத்துக்கொண்டு அங்கே சென்றாள். அவர் எழுந்து உதவ வந்தபோது, வழிவிட்டு, தன் கறவையைத் தொடர்ந்தாள்.

அக்குளிர்காலம் முழுவதும் அவள் அவருக்குச் சோறிட்டாள், படுக்கை விரித்தாள், மருந்து காய்ச்சிக் கொடுத்தாள். 'மாமா' என்று மட்டும் அழைக்கவில்லை. அவரும் அழையென்று கேட்கவில்லை. ஆனால் மாலைதோறும், ஊன்றுகோலோடு அவர் ஒவ்வொரு வீடாய் ஏறியிறங்கினார் என்று ஊர் கூறும். சென்ற வீட்டிலெல்லாம் இருக்கை ஏற்காமல், வாயிலிலேயே நின்று, மருமகள் வருமுன்னே நாலு கன்று விழுந்ததும் தாம் மறைத்ததும் பழி வேறொருத்திமேல் விழத் தாம் வாளாவிருந்ததும் தம் வாயாலேயே சொல்லிவிட்டுத் திரும்பினார். கொல்லர் வீட்டில் கதவு திறக்கப்படவில்லை. அங்கே மூடிய கதவை நோக்கியே சொல்லிவிட்டு வந்தார்.

மறு கார்காலத்தில் தையற்காரியின் ஆ ஈனும் நாள் வந்தபோது, அவளே படியேறி வந்து மருமகளைக் கைப்பிடித்து அழைத்துச் சென்றாள். பிறந்தது நெடுங்கால் கன்று. ஈரத்தோடு எழுந்து, நிற்கத் தெரியாமல் நான்கு பக்கமும் கால் பரப்பி விழுந்து, மீண்டும் எழுந்தது. அவ்வாண்டு நெட்டையனுக்குப் பிறந்த கன்றுகளுள் பாதி நெட்டை, பாதி குட்டை. செத்துப் பிறந்தது ஒன்றுமில்லை. கொல்லரின் கூட்டத்தார் குட்டையையே குட்டையோடு சேர்த்து வருகின்றனர். அவர்கள் ஆன்கள் அழகியவை. அவர்கள் மதிலடியில் என்ன உள்ளதென்பதை அவர்களே அறிவர்.

மருமகளின் வாயில் 'மாமா' என்னும் சொல் ஒருநாள் மீண்டும் வந்தது. எந்நாளென்று அவளுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. ஏதோ ஒரு வேலைக்கிடையே, குடத்தை எடுங்கள் என்பதோடு சேர்ந்து வந்திருக்கக்கூடும். மறந்துவிட்டாளென்று எண்ணவேண்டா. மறவாமலே மனிதர் ஒரே கூரைக்கீழ் வாழ்கின்றனர். ஒன்றை உயிராய்ப் போற்றுவோர், அதன் குறையைக் காண அஞ்சி, அக்குறையின் சுமையைத் தம்மினும் எளியார் ஒருவரின் தலையில் ஏற்றிவிட்டு, அவர் அதனைத் தாங்கி நடப்பதையும் நாள்தோறும் கண்டுகொண்டே உண்டு உறங்கி எழுகின்றனர். அவர்கள் கொடியவர் அல்லர் என்பதே, பெருந்தகையீர், அதனினும் பெருந்துயர்.